ஐயமும் அளவும்: அன்றாட முடிவுகளில் புள்ளியியல் சோதனைகள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. முழுவதையும் அறிய அதன் சிறு பகுதியை ஆராய்ந்தால் போதும் என்னும் மாதிரி ஆய்வின் அடிப்படைக் கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆயினும் இப்பழமொழி பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். இல்லையேல் நன்றாகக் கிளறிய பின்னரே பருக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். விதைக் குவியலும், பொட்டலப் பண்டமும், ஒரு மாவட்டத்தின் மக்களும் அவ்வாறு ஒரே சீராக இருப்பதில்லை. எனவே ஒரு பருக்கை போதாது. பல பருக்கைகள் தேவைப்படுகின்றன. எத்தனை தேவை, அவற்றை எவ்வாறு எடுப்பது, அவற்றைக் கொண்டு எவ்வளவு உறுதியுடன் முடிவு கூறலாம் என்னும் வினாக்களுக்கு விடை காண உதவுவதே புள்ளியியல்.

அரசு அலுவலர், வணிகர், நுகர்வோர் ஆகிய அனைவரும் முழு விவரம் கிடைக்காத நிலையிலேயே நாள்தோறும் முடிவுகளை எடுக்கின்றனர். தவறான முடிவின் சுமை பெரும்பாலும் வேறொருவர் தலையில் விழுகிறது. ஆகவே ஐயத்தை அளந்து பார்க்கும் முறையை அறிந்திருத்தல் கணித மாணவர்க்கு மட்டுமன்றி, நிர்வாகப் பொறுப்பில் உள்ளோர்க்கும் இன்றியமையாததாகும்.

பிராமணி ஆற்றின் பாடம்

இத்துறையில் இந்தியாவுக்குப் பெருமை தரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1926ஆம் ஆண்டில் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பெரும் சேதம் விளைந்தது. ஆற்றுப் படுகை சுமார் ஓர் அடி உயர்ந்துவிட்டதே இதற்குக் காரணம் எனவும், ஆகவே கரைகளின் உயரத்தைக் கூட்ட வேண்டும் எனவும் பொறியியல் வல்லுநர்கள் கருதினர். பிரச்சினை பிரசாந்த சந்திர மகலனோபிஸிடம் வந்தது. அவர் சுமார் 60 ஆண்டுகளுக்குரிய மழையளவையும் ஆற்று நீர்மட்ட விவரங்களையும் ஆராய்ந்தார். படுகை உயர்ந்ததற்கு அவ்விவரங்களில் சான்று இல்லை; மேற்பகுதியில் பெய்த மிகுமழையே வெள்ளத்திற்குக் காரணம் என்பது புலனாயிற்று. கரைகளை உயர்த்துவதை விட, ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே பொருத்தமான வழி என்பது அவர் கண்ட முடிவு.

இங்கு நிகழ்ந்தது என்ன? “படுகை உயர்ந்துவிட்டது” என்னும் கூற்று நியாயமானதாகத் தோன்றியது. அதைக் கூறியவர்களும் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் அக்கூற்று உண்மையானால் பழைய விவரங்களில் எத்தகைய மாற்றம் தென்பட வேண்டும் என்று கேட்டு, அம்மாற்றம் உள்ளதா எனத் தேடியபோது அது காணப்படவில்லை. கருதுகோள் சோதனையின் சாரம் இதுவே. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவி, 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்குவதற்கு வழிவகுத்தவரும் மகலனோபிஸே.

கருதுகோள் என்பது யாது?

சோதனைக்கென முன்வைக்கப்படும் கூற்றே கருதுகோள். “மாற்றம் இல்லை”, “குறை இல்லை”, “வேறுபாடு இல்லை” என்ற வடிவில் அமைவது இன்மைக் கருதுகோள். அதற்கு எதிரானது மாற்றுக் கருதுகோள். குற்றம் நிரூபிக்கப்படும் வரை குற்றம் சாட்டப்பட்டவரை நிரபராதி என நீதிமன்றம் கொள்வது போல, போதிய சான்று கிடைக்கும் வரை இன்மைக் கருதுகோளைப் புள்ளியியல் ஏற்றுக் கொள்கிறது. அக்கருதுகோள் மெய்யாயின், கிடைத்துள்ள மாதிரி முடிவைப் போன்றதொரு முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. அவ்வாய்ப்பு மிகச் சிறிதாயின் இன்மைக் கருதுகோள் கைவிடப்படுகிறது. “மிகச் சிறிது” என்பதற்குரிய எல்லையை மிகைகாண் நிலை என்பர். இது வழக்கமாக 5 சதவீதம் எனக் கொள்ளப்படுகிறது.

விதைக் குவியலில் ஒரு சோதனை

இந்தியாவில் நெல் விதைக்குரிய குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக 400 விதைகளை, நூறு நூறாகப் பிரித்து முளைக்க வைத்துப் பார்க்கின்றனர். ஒரு குவியலிலிருந்து எடுத்த 400 விதைகளில் 302 மட்டுமே முளைத்ததாக வைத்துக் கொள்ளலாம். இது 75.5 சதவீதம். குவியல் தரம் குறைந்தது என்று கூறிவிடலாமா? அல்லது நல்ல குவியலிலிருந்தே தற்செயலாகச் சில மோசமான விதைகள் கைக்கு வந்தனவா?

குவியலின் உண்மையான முளைப்புத் திறன் 80 சதவீதமாயின், 400 விதைகளுள் சராசரியாக 320 முளைக்க வேண்டும். மாதிரிக்கு மாதிரி இவ்வெண் சற்றே மாறும். அம்மாற்றத்தின் அளவான திட்ட விலக்கம், 400, 0.8, 0.2 ஆகியவற்றின் பெருக்கற்பலனான 64இன் வர்க்கமூலம், அதாவது 8. கிடைத்த எண்ணாகிய 302, எதிர்பார்த்த எண்ணிலிருந்து 18 குறைவு. இக்குறைவு திட்ட விலக்கத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. நல்ல குவியலிலிருந்து 302 அல்லது அதற்கும் குறைவாக முளைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 சதவீதமே. இது 5 சதவீதத்திற்கு மிகக் கீழே இருப்பதால், குவியல் தரத்திற்கு உரியது என்னும் கருதுகோளைக் கைவிடுவது பொருத்தமாகும். இதே முறைப்படி கணக்கிட்டால், 306 அல்லது அதற்குக் குறைவாக முளைத்தால் குவியலை நிராகரிக்கலாம் என்னும் எல்லை கிடைக்கிறது.

அதிகாரபூர்வ ஆய்வுக்கூடங்களுக்கெனத் தனி விதிமுறைகளும் பொறுத்தல் வரம்பு அட்டவணைகளும் உள்ளன. இங்குக் காட்டிய கணக்கு அவற்றின் அடிப்படைக் கொள்கையை விளக்குவதற்கே. மேலும் 1.4 சதவீதம் என்பது “குவியல் நல்லதாக இருப்பதற்கான வாய்ப்பு” அன்று. குவியல் நல்லதெனக் கொண்டால் இத்தகைய முடிவு கிடைக்கும் வாய்ப்பே அது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது மாணவரிடையே மட்டுமன்றி அறிக்கைகளிலும் காணப்படும் தவறாகும்.

இருவகைப் பிழைகள்

எந்தச் சோதனையிலும் இருவகைப் பிழைகள் நேரக் கூடும். நல்ல குவியலைத் தவறாக நிராகரிப்பது முதல் வகைப் பிழை. இதனால் விதை உற்பத்தியாளர் நட்டமடைகிறார். தரம் குறைந்த குவியலைத் தவறாக ஏற்பது இரண்டாம் வகைப் பிழை. இதனால் விவசாயி ஒரு பருவத்தையே இழக்க நேரிடலாம். மிகைகாண் நிலை 5 சதவீதம் என்பது முதல் வகைப் பிழைக்கு மட்டுமே வரம்பு கட்டுகிறது. இரண்டாம் வகைப் பிழையைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

உண்மையான முளைப்புத் திறன் 75 சதவீதமாக உள்ள குவியல்கள் பல சோதனைக்கு வருவதாகக் கொள்ளலாம். 400 விதைகளைச் சோதித்து, 306ஐ எல்லையாகக் கொண்டால், இத்தகைய நூறு குவியல்களுள் ஏறத்தாழ 23 குவியல்கள் தப்பிவிடும். செலவைக் குறைக்க எண்ணி 100 விதைகளை மட்டும் சோதித்தால், 5 சதவீத நிலையில் நிராகரிப்பு எல்லை 72 விதைகளாகும். அப்போது தப்பும் குவியல்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 72. மாதிரியின் அளவைக் குறைத்ததால் ஏற்பட்ட சிக்கனம், உண்மையில் விவசாயியின் வயலுக்கு மாற்றப்பட்ட செலவே ஆகும்.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. மேற்கண்ட சோதனையில் “குவியல் நல்லது” என்பதே இன்மைக் கருதுகோள். ஐயத்தின் பலன் விற்பவருக்குச் சேர்கிறது. மாறாக, “குவியல் 80 சதவீதத்தைக் கடக்கவில்லை” என்பதை இன்மைக் கருதுகோளாகக் கொண்டால், விற்பவர் தம் விதையின் தரத்தை நிலைநாட்ட 400க்கு 334 விதைகளாவது முளைத்திருக்க வேண்டும். முளைத்தவை 307 முதல் 333 வரை இருந்தால், நல்லது என்றும் நிறுவப்படவில்லை. கெட்டது என்றும் நிறுவப்படவில்லை. இந்த இடைவெளியில் நிரூபிக்கும் பொறுப்பை எவர் சுமப்பது என்பதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. கொள்கை வகுப்போரே தீர்மானிக்கின்றனர். ஆகவே “நிராகரிக்கப் போதிய சான்று இல்லை” என்ற சொற்றொடரை “தரம் உறுதி செய்யப்பட்டது” என்று எழுதுவது பிழையாகும்.

பொட்டலத்தின் எடை

அடுத்து வணிகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கிலோ என்று அச்சிட்ட சர்க்கரைப் பொட்டலங்களில் 25ஐ நிறுத்துப் பார்த்தபோது சராசரி எடை 996 கிராம், திட்ட விலக்கம் 10 கிராம் எனக் கிடைத்ததாகக் கொள்ளலாம். சராசரியின் திட்டப் பிழை, 10ஐ 25இன் வர்க்கமூலமாகிய 5ஆல் வகுத்தால் வரும் 2 கிராம். குறைவு 4 கிராம். அதாவது திட்டப் பிழையைப் போல் இரு மடங்கு.

மாதிரி சிறியதாயிருக்கும்போது இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாக ‘டி’ பரவலைப் பயன்படுத்துவது முறை. இதனை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் காசெட், டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றியவர். சிறு மாதிரிகளைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய தொழிற்சாலைத் தேவையே இக்கோட்பாட்டைத் தோற்றுவித்தது.

25 பொட்டலங்களுக்கு, 5 சதவீத நிலையில், ஒருபக்கச் சோதனையின் எல்லை 1.711, இருபக்கச் சோதனையின் எல்லை 2.064. கிடைத்த மதிப்பு 2. எடை குறைகிறதா என்பது மட்டுமே நுகர்வோரின் சார்பில் சோதிக்கும் ஆய்வாளரின் வினா. அவருக்கு ஒருபக்கச் சோதனை பொருந்தும். சராசரி எடை குறைவு என்று அவர் முடிவு செய்யலாம். தொழிற்சாலையில் எடைப்பொறியைக் கவனிப்பவருக்கோ எடை குறைந்தாலும் இடர், கூடினாலும் நட்டம். அவருக்குரியது இருபக்கச் சோதனை. பொறி சீர் தவறிவிட்டது எனக் கூற அவருக்குப் போதிய சான்று இல்லை. ஒரே விவரம் இருவருக்கு இரு விடைகளைத் தருவது முரண்பாடு அன்று. வினாக்கள் வேறு, ஆகவே விடைகளும் வேறு. ஆனால் எந்தச் சோதனை என்பதை விவரங்களைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். விடையைக் கண்ட பின் வினாவை மாற்றுவது நேர்மையாகாது.

சராசரி சரியாக இருந்தாலும் சில பொட்டலங்களில் பெருங்குறைவு இருக்கலாம். ஆகவேதான் 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள் சராசரியுடன் தனிப் பொட்டலத்தின் குறைவுக்கும் வரம்பு விதித்துள்ளன.

மிகைகாண்மை வேறு, பயன் வேறு

புதிய தீவனம் பால் உற்பத்தியைப் பெருக்குகிறதா என்று ஒரு பால் கூட்டுறவு நிறுவனம் ஆராய்வதாகக் கொள்ளலாம். 10,000 மாடுகளுக்குப் புதிய தீவனமும், மற்றொரு 10,000 மாடுகளுக்குப் பழைய தீவனமும் தரப்படுகின்றன. திட்ட விலக்கம் 700 மில்லி லிட்டர். நாளொன்றுக்குச் சராசரி வேறுபாடு 20 மில்லி லிட்டர். வேறுபாட்டின் திட்டப் பிழை ஏறத்தாழ 9.9 மில்லி லிட்டர். வேறுபாடு அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல். ஆகவே 5 சதவீத நிலையில் வேறுபாடு மிகைகாண்மை உடையது. ஆனால் 20 மில்லி லிட்டர் பால், தீவனத்தின் கூடுதல் விலைக்கு ஈடாகுமா என்பது வேறு வினா. மாதிரி மிகப் பெரிதாயின் அற்ப வேறுபாடும் மிகைகாண்மை பெறும்; மாதிரி மிகச் சிறிதாயின் பெரிய வேறுபாடும் கண்ணுக்குத் தப்பும். ஆகவே சோதனை முடிவுடன் வேறுபாட்டின் அளவையும் அறிக்கையில் தருவது கடமையாகும்.

எந்த மாட்டுக்கு எந்தத் தீவனம் என்பதைச் சீட்டுக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் தீர்மானித்திருக்க வேண்டும். விருப்பமுள்ளோரின் மாடுகளுக்குப் புதிய தீவனத்தைக் கொடுத்தால், ஏற்கெனவே நன்கு பேணப்பட்ட மாடுகளே அப்பிரிவில் சேர்ந்துவிடும். அப்போது தெரிவது தீவனத்தின் பயனா, பராமரிப்பின் பயனா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது.

பல சோதனைகளைச் செய்து, சாதகமான ஒன்றை மட்டும் வெளியிடுவதும் ஏமாற்றத்தில் முடியும். எப்பயனும் அற்ற ஒரு திட்டத்தை 20 மாவட்டங்களில் தனித்தனியே 5 சதவீத நிலையில் சோதித்தால், ஒரு மாவட்டத்திலாவது “வெற்றி” தோன்றும் வாய்ப்பு 64 சதவீதம்.

கணக்குக்கு முன் களம்

சோதனை எவ்வளவு நுட்பமானதாயினும், களத்தில் திரட்டிய விவரம் பிழையானால் முடிவும் பிழையே. இதனை உணர்ந்த மகலனோபிஸ், ஒரே பரப்பில் இரு தனித்தனி மாதிரிகளை வெவ்வேறு குழுவினரைக் கொண்டு ஆராயச் செய்யும் முறையைக் கையாண்டார். இரு குழுவினரின் விடைகளும் பெரிதும் மாறுபட்டால், அது களப்பணியைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு எச்சரிக்கை. தம் அலுவலகத்துக்கு வரும் புள்ளிவிவரங்களைச் சோதிக்க விரும்பும் அலுவலர்க்கு இன்றும் பயன்படும் எளிய வழி இது.

புள்ளியியல் அறிக்கை ஒன்றைப் பெறுவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது? சோதனைக்குரிய கருதுகோள் முன்கூட்டியே வகுக்கப்பட்டதா? வேறுபாடு எவ்வளவு, அதன் திட்டப் பிழை எவ்வளவு? முடிவு தவறானால் அதன் சுமை யாரைச் சாரும்? முதல் மூன்றுக்கும் விடை புள்ளியியலாரிடம் கிடைக்கும். நான்காவதற்கு விடை கூற வேண்டியவர் கோப்பில் கையொப்பமிடும் அலுவலரே.