பிரேக்கை அழுத்துவது யார்?

ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் சாலையில் விரைந்து வருகிறது. திடீரென்று குறுக்கே ஓர் ஆடு ஓடுகிறது. ஓட்டுநர் பாதத்தால் பிரேக் மிதியை அழுத்துகிறார், கார் நின்றுவிடுகிறது. அவர் காலில் அவ்வளவு வலிமையா? இல்லை. அவருக்குத் துணையாக இன்னொருவர் மிதிக்கிறார். அவர்தான் காற்று!

செய்து பாருங்கள்

சமதளத்தில் நிற்கும் ஒரு பெட்ரோல் காரில் இதைச் சோதிக்கலாம். கார் ஓட்டத் தெரிந்த பெரியவர்தான் இதைச் செய்ய வேண்டும். கைப் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் மிதியை நாலைந்து முறை அழுத்தச் சொல்லுங்கள். முதலில் எளிதாக இறங்கிய மிதி பிறகு கல்போல் இறுகிவிடும். மிதியை அழுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டால், மிதி சற்றுக் கீழே இறங்கும். இது ஏன்?

வெற்றிடம் இழுக்கிறதா?

பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுகின்றன. காற்று வரும் வழியை த்ராட்டில் என்னும் தகடு பாதி மூடியிருப்பதால், அதற்கு அப்பாலுள்ள குழாயில் காற்றழுத்தம் குறைந்து, பகுதி வெற்றிடம் உண்டாகிறது.

பிரேக் மிதிக்கு முன்னால் வட்டமான ஓர் உலோகப் பெட்டி இருக்கிறது. இதற்கு பூஸ்டர் என்று பெயர். ஒரு ரப்பர்ச் சவ்வு இதை இரு அறைகளாகப் பிரிக்கிறது. மிதியைத் தொடாதபோது இரு அறைகளிலும் வெற்றிடமே இருக்கும். மிதியை அழுத்தியதும் ஒரு வால்வு திறந்து, பின் அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. அது சவ்வை முன்னோக்கித் தள்ள, பிரேக் எண்ணெயின் அழுத்தம் கூடிச் சக்கரங்கள் நிற்கின்றன.

எவ்வளவு விசை என்று கணக்கிடுவோமா? சவ்வின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. இரு பக்கங்களுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ எனக் கொண்டால், 314 × 0.6 = 188 கிலோ! இரண்டு, மூன்று பெரியவர்களின் எடை இது. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவது காற்றுதான்.

துணைக்கு ஒரு பம்ப்

டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றின் வழி இப்படி அடைக்கப்படுவதில்லை. ஆகவே போதிய வெற்றிடம் கிடைக்காது. மின்சாரக் காரிலோ எஞ்சினே இல்லை! அதனால் டீசல் வண்டிகளில் எஞ்சினால் சுழலும் வெற்றிட பம்ப் ஒன்றை வைக்கிறார்கள். மின்சாரக் கார்கள் பலவற்றில் மின் மோட்டாரால் ஓடும் பம்ப் இருக்கிறது. வேறு சிலவற்றில் வெற்றிடமே தேவைப்படாமல் மோட்டாரே பிரேக்கிற்கு உதவுகிறது.

மின்பம்ப் எப்போதும் ஓடுவதில்லை. வெற்றிடம் குறைந்ததும் ஓர் அழுத்த சுவிட்ச் அதை ஓடவிடுகிறது, போதுமானதும் நிறுத்திவிடுகிறது. பூஸ்டருக்குள் காற்று திரும்பிப் புகாமல் ஒருவழி வால்வு காக்கிறது. இணைப்புக் குழாய் தடித்த சுவருடையதாக இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? மெல்லிய உறிஞ்சு குழலால் கெட்டியான பானத்தை உறிஞ்சும்போது குழல் சப்பிப்போகிறதல்லவா? அதே கதி இதற்கும் நேரும்!

உயிர் காக்கும் பாடம்

எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுபவர்கள் உண்டு. பூஸ்டரில் சேமித்த வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பிரேக் அறவே போய்விடாது. ஆனால் முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி தாமதமாகவே நிற்கும். வளைவில் அந்தத் தாமதம் போதும், உயிரைப் பறிக்க. உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிச் செய்தால், சோதனையில் இறுகிய அந்த மிதியை நினைவூட்டுங்கள்.

முடிக்குமுன் ஒரு கேள்வி. சந்திரனில் காற்றே இல்லை. எங்கும் இலவச வெற்றிடம்! அங்கே ஓடும் வண்டிக்கு இந்த பூஸ்டர் உதவுமா? யோசித்துப் பாருங்கள்.