ஓடாத ரயிலில் ஒரு வாரம்

ரயில் பெட்டிக்கும் வயதாகும். பலகை உளுத்துப் போகும். சக்கரம் தேயும். பிறகு உடைத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். இங்கிலாந்தில் ஒரு ரயில் கம்பெனி வேறு மாதிரி யோசித்தது.

அது 1933ஆம் ஆண்டு. அப்போது அங்கே ரயில்கள் தனியார் கையில் இருந்தன. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி. அது 10 பழைய பெட்டிகளை எடுத்தது. உள்ளே படுக்கை போட்டது. அடுப்பு, பாத்திரம், தட்டு, போர்வை எல்லாம் வைத்தது. அழகான ஊர்களாகப் பார்த்து, சின்ன ஸ்டேஷன்களில், ஓரத் தண்டவாளத்தில் நிறுத்தியது. முகாம் பெட்டி என்று அதற்குப் பெயர்.

ஒரு பெட்டியில் 6 பேர் தங்கலாம். வார வாடகை 2 பவுண்டு 10 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆக, 50 ஷில்லிங். 6 பேர் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு? 8 ஷில்லிங்குக்குக் கொஞ்சம் மேலே. ஓட்டலில் தங்க வசதி இல்லாத குடும்பங்களுக்கு இது தோதாக இருந்தது.

கம்பெனிக்கு என்ன லாபம்? தங்க வருகிறவர்கள் ரயில் டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டும். பஸ், கார் என்று போய்க்கொண்டிருந்த ஜனங்கள் ரயிலுக்குத் திரும்பினார்கள். கெட்டிக்கார யோசனைதான்!

பெட்டிக்குள் குழாய் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். கழிப்பிடமும் ஸ்டேஷனில்தான். மழை நாளில் ராத்திரி நேரம் சிரமம்தான். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். மற்ற ரயில் கம்பெனிகளும் இதேபோல் பெட்டிகளை நிறுத்தின.

எல்லோராலும் வர முடிந்ததா? இல்லை. தொழிலாளிகள் பலருக்கு அப்போது சம்பளத்தோடு விடுமுறை கிடையாது. ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு வாரக் கூலி போச்சு. அதற்கு மேல் வாடகை, டிக்கெட் செலவு. கையில் காசு இல்லாமல் பெட்டி இருந்து என்ன பயன்? தொழிற்சங்கங்கள் பல வருஷம் போராடின. 1938இல் சம்பளத்தோடு விடுமுறைக்கு ஒரு சட்டம் வந்தது. மறு வருஷமே உலகப் போர் மூண்டது. உல்லாசப் பயணம் போய், பெட்டிகளும் வேறு வேலைக்குப் போயின.

1948இல் அங்கே ரயில்வே அரசின் கைக்கு வந்தது. 1952இல் முகாம் பெட்டிகள் திரும்ப வந்தன. 1960களில் நஷ்டம் என்று சொல்லிச் சிறு ரயில் பாதைகள் பலவற்றை மூடினார்கள். ரயிலே வராத ஊரில் முகாம் பெட்டிக்கு என்ன வேலை? 1971ஓடு அந்த ஏற்பாடு நின்றது.

பேசிப் பாருங்கள்: உங்கள் தெருவில் சம்பளத்தோடு விடுமுறை கிடைப்பது யார் யாருக்கு? யாருக்குக் கிடைப்பதில்லை?