வாரியத்துக்குக் கொடுக்கும் கோப்பில் எது ரகசியம்?

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இசைவாணைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘ரகசியம்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் போதும் என நினைக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இந்தியக் குடிமக்கள் யாரும் அந்தக் கோப்பைக் கேட்கலாம். எல்லாவற்றிலும் ஸ்டாம்ப் இருந்தால் எது நிஜ ரகசியம் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

கொடுக்கும் முன்பே தாள்களைப் பிரித்து வையுங்கள். சாயக் கலவை விகிதம், வாடிக்கையாளரோடு பேசிய விலை போன்றவை போட்டியாளர் கையில் சிக்கினால் நஷ்டம். அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(டி) காப்பது இவற்றைத்தான். கழிவுநீரில் எவ்வளவு உப்பு, அது எங்கே போகிறது என்பது ஊர்த் தண்ணீர் சம்பந்தப்பட்டது. அதையும் மூடப் பார்த்தால் மற்றதற்கும் மதிப்பு போய்விடும்.

கலவை விகிதத்தைத் தனித்தாளில் இணைப்பாக வையுங்கள். பிரிவு 10-இன்படி மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். ஒரே அட்டவணையில் உப்பும் சாயமும் கலந்து கிடந்தால் அங்கேதான் கை தவறும். தாளின் தலைப்பில் காரணத்தை எழுதுங்கள்: “இந்த விகிதம் எங்களில் இருவருக்கு மட்டுமே தெரியும், வெளியானால் இதே நிறத்தை மற்றவர் குறைந்த கூலிக்குப் போட்டுத் தருவார்.” முகப்புக் கடிதத்தில் பக்க எண்ணைக் குறித்து, ஒப்புகை முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாராவது கேட்டு, அதிகாரியும் கொடுக்க எண்ணினால், பிரிவு 11-இன்படி மனு வந்த 5 நாளுக்குள் உங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து பதில் தர உங்களுக்கு 10 நாள். வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பதிலில் “நம்பிக்கையின் பேரில் கொடுத்தோம்” என்பதை மட்டும் நம்பாதீர்கள். வங்கிகள் தந்த விவரங்களுக்கு ரிசர்வ் வங்கி அந்த வாதத்தைத்தான் வைத்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதை நம்பிக்கை என்று சொல்ல முடியுமா? என்ன நஷ்டம், எப்படி வரும் என்று வரிவரியாகக் காட்டுங்கள்.

மனு வந்த 40 நாளுக்குள் முடிவு வரும். பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த முத்திரை விழுந்த நகலையும் உறையையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.