எழுத உட்காருமுன்...



போன மாதம் நம் சுவர் இதழில் வலது ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததே, கவனித்தீர்களா? மேலே 'மலைக்குப் போகும் ஜீப்' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் 'சும்மாதானே கிடக்கு' என்று அதில் பென்சிலால் ஒரு ஜீப் வரைந்துவிட்டுப் போனான். அந்தக் காலிக் கட்டம் என்னுடையதுதான். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எழுதாமல் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. நாலு நாள் சாயங்காலம் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் பேனாவுக்கு மை போட்டேன். இரண்டாம் நாள் ஓரத்தில் கோடு போட்டேன். மூன்றாம் நாள் தலைப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். நாலாம் நாள் தூங்கிவிட்டேன்! தமிழ் ஐயா திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு எழுத வரலையா, இல்ல எழுத உட்காரவே வரலையா? ரெண்டும் வேற வேற. பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் எப்படி உட்கார்ந்தாங்கன்னு தேடிப் படி. படிச்சதை எல்லாருக்கும் எழுது."

அப்படித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. 'எனக்கெல்லாம் எழுத வராதுப்பா' என்று சொல்லும் எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

நம் வீட்டு வழக்கம்

முதலில் நம்மிடமிருந்தே தொடங்குவோம். கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலும் என் தாத்தா மேலே 'உ' என்று பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவார். 786 என்று எழுதித் தொடங்கும் வீடுகள் நம் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உண்டு. சின்னதாகச் சிலுவை போட்டுத் தொடங்குகிறவர்களும் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

பிள்ளையார் சுழிக்கு இன்னொரு விளக்கமும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். ஓலை பதமாக இருக்கிறதா, எழுத்தாணி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு சுழி போட்டுப் பார்த்தார்களாம். அழுத்தினால் ஓலை கிழிந்துவிடும். அதனால்தான் பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதியிருப்பார்கள். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். சுழி போட்டவுடன் தாள் வெறுந்தாளாக இல்லை பாருங்கள், அதில் ஏதோ ஒன்று வந்துவிட்டது! பயம் பாதி போய்விடுகிறது.

சித்திரையில் பொன்னேர் பூட்டுவது போலத்தான் இது. அன்றைக்கே வயல் முழுவதையும் உழுதுவிடுவதில்லை. முதல் சால் ஓட்டினால் போதும், வேலை தொடங்கியாகிவிட்டது என்று மனசு ஒத்துக்கொள்ளும்.

நேரம்

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி நாவல் எழுதும் காலத்தில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவாராம். மதியத்துக்கு மேல் ஓடப் போவார், இல்லையென்றால் நீந்துவார். இரவு 9 மணிக்குப் படுத்துவிடுவார். தினமும் இதே கணக்குத்தான்.

1993இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் கதை எனக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. அவர் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடும் முன்பே எழுந்தால்தான் எழுத முடியும். இருட்டு விலகுமுன் எழுந்து, காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறகுதான் எழுத்து. பிள்ளைகளுக்காக வந்த பழக்கம், பிறகு அவருக்கே பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். நாலரை மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, தூக்குவாளியில் சோறு எடுத்து, சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, துண்டைத் தலையில் கட்டுவார். கட்டி முடித்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. கம்பம்மெட்டு ஜீப் வந்து நிற்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். துண்டு கட்டுவதுதான் அவருக்குப் பிள்ளையார் சுழி. எழுத்தாளர்தான் என்று இல்லை, வேலை செய்கிற எல்லாருக்குமே இப்படி ஒன்று இருக்கிறது.

இடம்

தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னை தி.நகரில் தன் வீட்டுக்கு அருகில் இருந்த பூங்காவில் உட்கார்ந்து எழுதினவர். ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தை நம்பி வாழ்ந்தவர். 1996இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தனி அறை, மேசை, மின்விசிறி எல்லாம் இருந்தால்தான் எழுத்து வரும் என்று சொல்கிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலூ நேர்மாறு. வீடு இருந்தும் விடுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, காலையிலேயே அங்கே போய்விடுவார். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக்கூட எடுத்துவிடச் சொல்வாராம். கண் எங்கேயும் ஓடக்கூடாது!

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ செய்ததுதான் பெரிய வேடிக்கை. 1830இல் ஒரு நாவலை எழுதித் தரவேண்டிய கெடு அவருக்கு நெருங்கிவிட்டது. வெளியே போட்டுக்கொண்டு போகும் உடைகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, ஒரு புட்டி மை வாங்கிக்கொண்டு, கம்பளி ஆடை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாராம். அவர் மனைவி எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. 1831இல் அந்த நாவல் வந்துவிட்டது. பாரிஸ் தேவாலயத்தில் மணியடிக்கும் கூனனின் கதைதான் அது. நமக்கு உடையைப் பூட்ட வேண்டியதில்லை. செல்போனை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தாலே போதும்!

கையைப் பழக்குவது

விளையாட்டு ஆசிரியர் ஓடவிடும் முன் கை, கால்களை உதறச் சொல்கிறார் அல்லவா? எழுத்துக்கும் அது உண்டு. ஜான் ஸ்டீன்பெக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1951இல் ஒரு பெரிய நாவல் எழுதினார். ஒரு பெரிய நோட்டுப் புத்தகம். தினமும் அதன் இடது பக்கத்தில் தன் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவார். இன்றைக்கு உடம்பு எப்படி, பென்சில் எப்படி, என்ன எழுதப் போகிறேன், என்ன பயம் என்று மனசில் பட்டதை எல்லாம் எழுதுவார். அதற்குப் பிறகு வலது பக்கத்தில் நாவல். கடிதம் எழுதும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. அந்தத் தைரியம் அப்படியே வலது பக்கத்துக்கும் வந்துவிடுகிறது.

ஹெமிங்வே நின்றுகொண்டே எழுதினவர். அவரிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். நாம் எல்லாம் தீர்ந்து போனபிறகு நிறுத்துகிறோம், மறுநாள் திருதிருவென்று முழிக்கிறோம். அவர் நாளைய தொடக்கத்தை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுகிறார். அம்மா தோசைக்கு முந்தின நாளே மாவு ஆட்டி வைப்பது மாதிரி!

போய்ப் பார்ப்பது

மேலே சொன்னது எல்லாம் உட்காரும்போது செய்வது. உட்காரும் முன்பே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் (1925–2014) என்ற தமிழ் எழுத்தாளர் ஒரு நாவல் எழுதும் முன் அந்த மக்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்வார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டுத்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீலகிரியின் படுகர் மக்களைப் பற்றி எழுதியது 'குறிஞ்சித் தேன்'.

இங்கேதான் எனக்கு உறைத்தது. தினமும் ஜீப் நம் தெரு வழியாகப் போகிறது. அதில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், மழைக்கு என்ன போர்த்திக்கொள்கிறார்கள், காய் எடுத்த விரல் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது அம்மாவிடம் கேட்டிருக்கிறேனா? கேட்டதே இல்லை. அப்புறம் எப்படித் தாளில் எழுத்து வரும்? எனக்கு வராமல் போனது எழுத்து இல்லை, விஷயம்தான்.

கொஞ்சம் எச்சரிக்கை

ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் தன் மேசை இழுப்பறையில் அழுகின ஆப்பிள்களை வைத்திருப்பாராம். அந்த வாசனை இல்லாமல் அவருக்கு எழுத ஓடாதாம். அவருடைய நண்பர் கதே ஒருநாள் அந்த மேசைப் பக்கம் உட்கார்ந்து, நாற்றத்தில் தலை சுற்றிப்போனதாகச் சொல்லியிருக்கிறார்.

சிரிப்பாக இருக்கிறதா? நானும் ஓர் ஆப்பிள் வைத்திருந்தேன். அது என் 'ராசி' பேனா. எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் அந்தப் பேனாவால் பரிசு வாங்கினேன். அதிலிருந்து அது இல்லாமல் எழுதமாட்டேன். போன அரையாண்டுத் தேர்வில் அதை வீட்டிலேயே மறந்துவிட்டேன். தோழி கொடுத்த பேனா நன்றாகத்தான் எழுதியது. ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தெரிந்த நெடுவினா ஒன்றை எழுத நேரமில்லாமல் போனது. பேனா மேல் தப்பு இல்லை. என் தைரியத்தைக் கொண்டுபோய் ஒரு பொருளில் பூட்டி வைத்தது என் தப்பு.

ஆகவே நான் புரிந்துகொண்டது இதுதான்: பழக்கம் எழுத்தைக் கொண்டுவராது. அது நம்மை எழுத்திடம் கூட்டிக்கொண்டு போய் விடும், அவ்வளவுதான். தொலைந்து போகக்கூடிய பொருளில் பழக்கத்தை வைக்காதீர்கள். எங்கேயும் கொண்டுபோகக்கூடியதாக, நம் கையிலும் மனசிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்து பார்க்கலாமே!

1. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். பத்து நிமிடம் போதும். திண்ணையானாலும் சரி, மொட்டை மாடியானாலும் சரி.

2. தொடங்குவதற்கு ஒரு சின்ன அடையாளம். தேதி எழுதுவது, பென்சில் சீவுவது, முகம் கழுவுவது, ஏதாவது ஒன்று.

3. முதல் ஐந்து வரியை யாருக்காவது கடிதமாக எழுதுங்கள். பிறகு அதை அடித்துவிடலாம்.

4. எழுதப் போகும் விஷயத்தைப் பற்றிப் பார்த்தது மூன்று, கேட்டது மூன்று, விசாரித்தது மூன்று என்று முதல் நாளே குறித்து வையுங்கள்.

5. அடுத்த வரி தெரியும்போதே நிறுத்துங்கள்.

6. தேர்வு அறையில் இதில் பாதியைச் செய்ய முடியாது. விடைத்தாளில் தேவையில்லாத குறி எதுவும் போடக்கூடாது என்று ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வினாவை இரண்டு தடவை படித்து, வரப்போகும் குறிப்புகள் ஐந்தை மனசுக்குள் விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். விரலை யாரும் வீட்டில் மறந்துவிட்டு வர முடியாது அல்லவா?

நிறைவாக...

நம் சின்னமனூரில் 1912இல் பிறந்தவர் சி.சு. செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதியவர். 1959இல் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தன் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலை வெளியிட்டார். மறு வருடமே காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நம் ஊரில் பிறந்த ஒருவர் அந்த வயதிலும் எழுத்தை விடாமல் இருந்திருக்கிறார். இந்த வயதில் நாம் ஒரு கட்டத்தைக் காலியாக விடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். "இதையெல்லாமா எழுதுவ?" என்று சிரித்தார். அப்புறம் நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மறுநாள் அவர் துண்டைத் தலையில் கட்டும் நேரத்தில் நானும் எழுந்து, தேதி எழுதித் தொடங்கினேன். ராசிப் பேனா பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பென்சிலால் எழுதினேன்.

'மலைக்குப் போகும் ஜீப்' இந்த மாதம் பக்கத்துத் தாளில் இருக்கிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள். படம் அந்த ஒன்பதாம் வகுப்புத் தம்பியே வரைந்தது!

அடுத்த மாத இதழில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு.

– பதினோராம் வகுப்பு மாணவி