உதைபந்துப் போட்டியில் தரவரிசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரி ஆடவர் உதைபந்துப் போட்டி 1959ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1973 வரை நிகழ்ந்த 15 போட்டிகளுள் பத்தில் செயின்ட் லூயிஸ் சர்வகலாசாலையே வாகை சூடிற்று. அவற்றுள் ஒன்று கூட்டு வெற்றி.

அண்மை ஆண்டுகளில் 48 கட்சிகள் போட்டியிடுகின்றன. முந்திய ஆட்டங்களை ஆராய்ந்து ஒரு குழுவினர் 16 கட்சிகளுக்கு வரிசை குறிக்கின்றனர். அவ்விடம் பெற்றோர் முதற் சுற்று ஆடாது இளைப்பாறி, இரண்டாஞ் சுற்றைத் தம் மைதானத்திலேயே ஆடுவர். இது சிறிய சலுகையன்று. எனினும் அதனை வெற்றிக்குப் பிணையென நாம் மயங்குதல் கூடாது. உதைபந்தில் கோல்கள் அரியன. வலியோர் நாளெல்லாம் தாக்கினும், எளியோர் அடிக்கும் ஒரு கோல் அவர்தம் ஆண்டையே முடித்துவிடும். தோற்றவர்க்கு மறுவாய்ப்பு இல்லை.

2024ஆம் ஆண்டை நோக்குவோம். முதலிடம் பெற்ற ஒஹாயோ மாநிலத்தார் அரையிறுதியில் மார்ஷலுக்கு ஒரு கோலால் தோற்றனர். வரிசையில் இடமே பெறாத வெர்மாண்டு, இரண்டாமிடத்துப் பிட்ஸ்பர்க்கை அதன் மைதானத்திலேயே வென்று முன்னேறிற்று. ஆகவே கால்நிலைச் சுற்று வரை வரிசையோடு மைதானத்தையும் நாம் கணக்கிடலாம். அரையிறுதி முதல் ஆட்டங்கள் பொதுவிடத்தில் நிகழ்தலின் அக்கணக்குச் செல்லாது. கேரி நகரத்து இறுதியாட்டத்தில் முதற் கோல் வாங்கிய வெர்மாண்டு, மிகைநேரத்தில் மார்ஷலை 2–1 என வென்றது. அம்மார்ஷலும் 2021 வசந்தத்தில் வரிசையிடமின்றியே வாகை சூடியவர்.