விழுந்த இடம் வேறு, வழுக்கிய இடம் வேறு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எழுதும் டிரைவரின் டிவைஸைக் கழற்றி மாட்டும்போது எப்போதாவது கெர்னல் விழுகிறது, விழும்போதெல்லாம் பழி ஃபைல் சிஸ்டத்தின் மேலேயோ நெட்வொர்க்கின் மேலேயோ போகிறது என்று எழுதியிருந்தாய். "பாயின்டருக்கு முன்னால் ஒரு 'நல் செக்' போட்டால் போதும் என்கிறார்கள், போடட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஏன் என்று சொல்கிறேன். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இந்த வேலைக்கு வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கிராஷ் பதிவில் கால் ஸ்டாக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அதற்கு மேலே ரிஜிஸ்டர்கள் அச்சாகியிருக்கும் வரிகளைப் பார். ஒன்றில் 6பி 6பி 6பி என்று எட்டு பைட்டும் ஒரே எண்ணாக நிற்கிறது. ஸ்லப் அலகேட்டரின் சோதனை வசதியை உங்கள் பில்டில் யாரோ இயக்கி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம் செய்தார்கள். அது இயங்கினால், கேஃப்ரீ செய்த மெமரி முழுவதையும் கெர்னல் 6பி என்ற பைட்டால் நிரப்பிக் கடைசி பைட்டில் மட்டும் ஏ5 வைக்கும். ஆஸ்கியில் 6பி என்பது ஆங்கிலச் சின்ன 'கே'. ஹெக்ஸ் டம்ப்பின் வலது ஓரத்தில் 'கே'யாக வரிசை ஓடினால் அங்கேயே நின்றுவிடு. திருப்பிக் கொடுத்த மெமரியை யாரோ இன்னும் தன்னுடையது என்று நினைத்துப் படித்திருக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிதாக வாங்கி இன்னும் எதையும் எழுதாத மெமரியிலும் ஸ்லப் இதே 6பி-யைத்தான் விட்டுவைக்கும். கேமல்லாக்கில் வாங்கி ஒரு ஃபீல்டை நிரப்ப மறந்தாலும் இப்படியேதான் தெரியும். இரண்டில் எது என்று தெரியாமல் கோடில் கை வைக்கக் கூடாது.

எதுவானாலும் அந்த எண் பூஜ்யம் இல்லை. 'நல் செக்' அதைத் தடுக்கவே தடுக்காது. சோதனை வசதி அணைக்கப்பட்ட பில்டில் நிலைமை இன்னும் மோசம். அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும், பாயின்டர் சரியாக இருப்பது போலவே தோன்றும். கெர்னல் உடனே விழாது, வாடிக்கையாளரின் தரவு சத்தமில்லாமல் கெடும். ஃபைல் சிஸ்டம் அங்கே விழுந்து கிடந்தது என்றால், அது பறிகொடுத்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கை வைத்தவர் வேறு எங்கோ, வேறு சிபியுவில், சில நொடிகளுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

நம் மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை நினைத்துப் பார். சென்னையில் பிறந்து கிண்டியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டியது. அதன் ஃபெரைட் கோர் மெமரி 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். மொத்தம் 10 கிலோபைட், உன் கெர்னல் கணக்கில் இரண்டரைப் பக்கம். எந்த எண் எந்த இடத்தில் இருக்கும், அது எப்போது காலியாகும் என்பதை நிரல் எழுதியவரே வகுத்தாக வேண்டும். கேட்டால் எடுத்துக் கொடுக்க அலகேட்டர் கிடையாது. இன்று கெர்னலில் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து கேமல்லாக் போகிறது, ஆனால் யாருடையது எது என்ற கணக்கைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. நீ எழுதி வை. உன் டிரைவரில் உள்ள ஒவ்வொரு கேமல்லாக்குக்கும், யார் வாங்கினார், யார் யாரிடம் அதன் பாயின்டர் இருக்கிறது, கடைசியாக விடுபவர் யார் என்று நோட்டில் தமிழிலேயே எழுது. எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இதைச் செய்.

உன் கோடை வைத்து நான் எழுதிப் பார்த்தேன். ப்ரோப் ஃபங்ஷன் ஸ்ட்ரக்சரை வாங்குகிறது. அதற்குள்ளேயே ஒரு டிலேய்டு வொர்க் இருக்கிறது, ஒவ்வொரு நொடியும் டிவைஸின் நிலையைப் பார்த்துவிட்டுத் தன்னையே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்கிறது. டிவைஸைக் கழற்றியதும் ரிமூவ் ஃபங்ஷன் நேரே கேஃப்ரீ செய்கிறது. வரிசையில் காத்திருக்கும் வொர்க்கை யாரும் நிறுத்தவில்லை. அது எழுந்து வரும்போது கையில் இருப்பது பழைய முகவரி. கேஃப்ரீக்கு முன்னால் அந்த வொர்க்கை ரத்து செய்து, அது முடியும்வரை காத்திருக்கும் 'சிங்க்' வகை அழைப்பு வேண்டும். 'சிங்க்' இல்லாத அழைப்பு போதாது, ஏனென்றால் வேறொரு சிபியுவில் அது அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதை நான் சொன்னேன் என்று நம்பி விட்டுவிடாதே, கெர்னல் வாயிலிருந்தே வரவழை. 2015-இல் லினக்ஸ் 4.0 பதிப்போடு வந்த கேசானை இயக்கிக் கழற்றி மாட்டு. அது ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக் காவல் காக்கும். தவறு நடந்த இடம், வாங்கிய இடம், விட்ட இடம் என்று மூன்று ஸ்டாக்கும் ஒரே அறிக்கையில் வரும். மூன்றாவதைத்தான் முதலில் படிக்க வேண்டும். மெமரியில் எட்டில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். ஆகையால் வாடிக்கையாளர் மெஷினுக்கு ஆகாது. அங்கே 2021-இல் 5.12-இல் வந்த கேஃபென்ஸை வை. சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் காவல் காப்பதால் பாரம் தெரியாது, ஆனால் பிடிபட நாளாகும். பிரிண்ட்கே போட்டுத் தேடும் பழக்கத்தை இந்த மாதிரிப் பிழையில் விட்டுவிடு. ஒரு வரி அச்சடிக்கும் நேரமே ஓட்டப்பந்தயத்தின் முடிவை மாற்றிவிடும், பிழை போய்விட்டது என்று நீ ஏமாந்து போவாய்.

இன்னொன்றையும் உன் கோடில் பார்த்தேன். அங்கே வேறொரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது, அதன் அளவு 84 பைட். 84 கேட்டால் அலகேட்டர் 96 பைட் துண்டைக் கொடுக்கும். முடிவில் ஒரு அர்ரேயில் எல்லை தாண்டி நாலு பைட் எழுதுகிறாய். அது மீதியிருக்கும் 12 பைட்டுக்குள் விழுவதால் இன்றைக்கு யாருக்கும் கேடில்லை. அடுத்த வருஷம் யாராவது அந்த அர்ரேக்கு முன்னால் 12 பைட்டுக்கு ஒரு ஃபீல்ட் சேர்ப்பார்கள். அதே நாலு பைட் அன்றைக்குப் பக்கத்துத் துண்டில் போய் விழும், பழி ஃபீல்ட் சேர்த்தவர் தலையில் விழும். இப்போதே சரிசெய்.

மெமரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதற்கு மெமின்ஃபோவில் மீட்க முடியாத ஸ்லாப்பின் கணக்கை மணிக்கு ஒரு தடவை குறித்து வை. ஏறிக்கொண்டே போனால், எந்த கேஷ் வீங்குகிறது என்று ஸ்லாப்இன்ஃபோ காட்டும். கேமெம்லீக் உதவும். யாருமே சுட்டாத மெமரியைத் தேடிக் கொடுக்கும் கருவி அது. ஆனால் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு எடுக்க மறந்ததை அது கசிவாகவே பார்க்காது, ஏனென்றால் பாயின்டர் அங்கே இருக்கிறது. அப்படிப்பட்டதைப் பிடிக்க கேப்ரோப்ஸ் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் விரும்பிய இடத்தில் கண் வைக்கும் அந்த வசதியை முதலில் எழுதியவர் இந்திய ஐ.பி.எம்.மில் இருந்த வம்சி கிருஷ்ணா. லினக்ஸின் மூலக் கோப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. இந்த வேலையை நம் ஊரில் உட்கார்ந்து செய்ய முடியுமா என்று உனக்குச் சந்தேகம் வந்தால் அந்தக் கோப்பைத் திறந்து பார்.

உன் பதிவில் ஆர்டர் 4 அளவு மெமரி கிடைக்கவில்லை என்று வந்திருக்கும் செய்தி பிழையே இல்லாமலும் வரும். ஹார்பர் லைன் பெட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இடம் இருந்தாலும் குடும்பமாகச் சேர்ந்து உட்கார இடம் இருக்காது, அதைப் போலத்தான். 16 பக்கம் தொடர்ச்சியாக வேண்டும் என்கிறாய், அதையும் தூங்கக் கூடாத இடத்திலிருந்து கேட்கிறாய். சின்னச் சின்னதாக வாங்கு, இல்லையென்றால் ப்ரோப்பிலேயே வாங்கி வைத்துக்கொள்.

வீட்டில் பெரிய சர்வர் இல்லை என்று தயங்காதே. லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் க்யூஈஎம்யு போதும். ஐ.ஐ.டி. பம்பாயின் மைதிலி வுடுகுரு தம் இயங்குதளப் பாடங்களை எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறார், அங்கிருந்து தொடங்கு. கூடவே எக்ஸ்வி6 என்ற பாட இயங்குதளத்தின் கேஅலாக் கோப்பை வரிவரியாகப் படி, ஒரு மாலையில் முடிந்துவிடும். விடும் பக்கத்தை அது 1 என்ற பைட்டால் நிரப்பும். ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில், கொடுக்கும் பக்கத்தை 5-ஆல் நிரப்பும். நீயே அதில் ஒரு பக்கத்தை கேஃப்ரீ செய்துவிட்டு, அதன் பிறகு அதைப் படித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வா, சேர்ந்து பார்ப்போம். கெர்னல் விழுந்தபோது சேமித்த விஎம்கோர் கோப்பை எடுத்து வரும்போது, அதே பில்டின் விஎம்லினக்ஸையும் டிபக் தகவல்களோடு கொண்டு வா. வேறு பில்டுடையதைக் கொண்டுவந்தால் முகவரிகள் பொருந்தாது, வந்த வேலை வீணாகும். உன் நோட்டையும் மறக்காதே.

அன்புடன்,
அக்கா
செம்பூர்