பொதுப் பூங்கா யாருடையது?

எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு பூங்கா உண்டு. சென்ற ஆண்டு வரை அது பெயரளவில்தான் பூங்கா. ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்கியது. முட்செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கோடை விடுமுறையில் ஒரு நாள், சறுக்கு மரத்தின் துருப்பிடித்த தகடு கிழித்து ஒரு சிறுவனின் காலில் ஆறு தையல் போடும்படி ஆயிற்று. அன்று மாலை பெரியவர்கள் எல்லாரும், "இதை யாரிடம் போய்க் கேட்பது?" என்றே பேசிக்கொண்டார்கள். அக்குடியிருப்பில் வாழும் மாணவியர் நால்வர் அந்தக் கேள்விக்கு விடை தேடினோம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் வழிகாட்டினார்கள். நாங்கள் அறிந்தவற்றை அன்புத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே கூறுகின்றோம்.

நிலம் வந்த வழி

குடியிருப்புப் பூங்கா எவரோ இரக்கப்பட்டு அளித்த தானம் அன்று. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனை போடுகிறவர் அந்த நிலத்தின் விலையையும் மற்ற மனைகளின் மேல் ஏற்றித்தானே விற்பார்? ஆகவே வீடு வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் பூங்காவுக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறது.

பேணும் கடமை

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாப்பதற்கென்றே நம் மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி பட்டியலில் சேர்க்கப்பட்ட பூங்காவை, அரசின் முன் அனுமதி இன்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவற்றுள் 12ஆவது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளைச் செய்து தருவதாகும்.

மக்கள் வென்ற இரு வழக்குகள்

"நிதி இல்லை" என்று கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் கிடைத்தது. அங்கே திறந்த சாக்கடையின் துர்நாற்றத்தில் தவித்த ஒரு பகுதி மக்கள் உட்கோட்ட நடுவரிடம் முறையிட்டார்கள். நகராட்சியோ, பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்று உறுதி செய்தது. அன்று பயன்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. இன்று அதே வழி, 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக உள்ளது.

மற்றொன்று பெங்களூரு வழக்கு. ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம், தனியார் மருத்துவமனை கட்டக் கொடுக்கப்பட்டது. மருத்துவமனை நல்லதுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கு வாழ்ந்த மக்கள் வழக்குத் தொடுத்தனர். நல்ல காற்றும் திறந்தவெளியும் மக்களின் நலத்துக்கு இன்றியமையாதவை, தனியார் மருத்துவமனை அவற்றுக்கு ஈடாகாது என்று 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேட்கும் முறை

வழக்குக்கு முன் மனு உண்டு. முதலில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்கள் பெற்றோர் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, பூங்கா யார் பொறுப்பில் உள்ளது என்று கேட்டார்கள். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். விடை வந்தபின், குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, தேதியிட்ட புகைப்படங்களோடு நாங்கள் எழுதினோம். முப்பத்திரண்டு வீட்டார் கையெழுத்திட்டார்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டையும் பெற்றோம். பதில் தாமதமானதால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் அதன் நகலைக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் முள் வெட்டப்பட்டது. சறுக்கு மரமும் ஊஞ்சலும் புதிதாக வந்தன. விளக்குகளும் குடிநீர்க் குழாயும் இன்னும் வரவில்லை. இரண்டாம் மனு எழுதியிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக் குறை

மனுவில் "குப்பை" என்று எழுதப் போனபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அக்குவியலில் கிடந்தவை எங்கள் வீட்டு விசேஷத்தின் இலைகளும், எதிர்வீட்டு மாடி கட்டியபோது உடைத்த செங்கல்லும் அல்லவா? இதற்கு எந்த அலுவலகத்தின்மேல் பழி போடுவது? ஒரு ஞாயிறு காலை எல்லாரும் சேர்ந்து அதை அள்ளினோம்.

பூங்கா சீரானதும் வேறொரு பேச்சு எழுந்தது. பின்புறக் குடிசைப் பிள்ளைகள் வராதபடி கதவைப் பூட்டிவிடலாம் என்றார்கள் சிலர். காலில் தையல் போட்டுக்கொண்ட சிறுவன் அந்தக் குடிசைப் பிள்ளைகளில் ஒருவன்! அவனுடைய காயத்தைக் காட்டித்தானே நாம் மனுவே கொடுத்தோம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் அழகிய பசும்புல்வெளிகள் இருக்க, ஏழைகள் வாழும் மறைவான பகுதிகளில் அவை இல்லாததை எடுத்துக்காட்டி வருந்துகிறார். இதைக் கூட்டத்தில் நாங்கள் எடுத்துச் சொன்னோம். வாதம் நீண்டது. இறுதியில், இரவில் மட்டும் பூட்டுவது, பகலில் எல்லாருக்கும் திறந்திருப்பது என்று முடிவாயிற்று.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்தபின் சிலரை மட்டும் வெளியே நிறுத்துவது முறையாகாது. பூங்கா யாருடையது என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுவே: அதில் விளையாட வரும் எல்லாப் பிள்ளைகளுடையது. ஆகவே அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. கெடாமல் காப்பதும், பகிர்ந்துகொள்வதும் நம் கடமை.

— பத்தாம் வகுப்பு மாணவி